தட்டில் வந்த பாபின்கள்

புள்ளியியல் தெரிந்தவர் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கும். படித்தது மதுரைக் கல்லூரியில். பரீட்சையில் தேறியதும் அங்கேதான். ஆனால் படித்ததற்கு என்ன அர்த்தம் என்று புரிந்தது திண்டுக்கல் பக்கத்து நூல் மில் ஒன்றில், ஒரு பதிலித் தொழிலாளி தட்டில் வைத்துக் கொடுத்த மட்டமான நூலால். நன்றி சொல்ல வேண்டியவர்களை நினைத்துப் பார்க்கும்போது என் பேராசிரியர்களையெல்லாம் தள்ளிக்கொண்டு அவர்தான் முன்னால் வந்து நிற்கிறார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தோல் வியாபாரம். அப்பாவை அத்தா என்போம்; அவருக்கு ஊருக்குள் ஒரு சிறிய தோல் மண்டி இருந்தது. பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு வந்த எனக்கு அந்த வாடைக்குள் போய் உட்கார மனமில்லை. கல்லூரியில் போட்டுப் பழகிய வெள்ளைச் சட்டையை விடவும் மனமில்லை. "தொரைக்குச் சட்டை கசங்காம ஒரு வேலைய அல்லாஹ் குடுக்கட்டும்" என்று அத்தா கேலி செய்வார். கேலியோ துஆவோ, பலித்துவிட்டது. வேடசந்தூர் சாலையில் இருந்த மில்லில் டெஸ்டிங் ரூமுக்கு ஆள் எடுத்தார்கள். மறுவாரமே சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

டெஸ்டிங் ரூம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் அறை, இரண்டு மேஜை, மூன்று கருவி. எங்கள் பக்கத்துக் காய்ந்த காற்றில் நூல் முறுகிவிடும் என்று ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டிருப்போம். நூல் சுற்றிய பாபின் ஒன்றிலிருந்து நூற்றிருபது கஜம் இழுத்துச் சுற்றினால் அது ஒரு லீ. அந்த லீயைக் கருவியின் கொக்கியில் மாட்டி இழுத்தால் எத்தனை ராத்தல் பாரத்தில் அறுகிறது என்று முள் காட்டும். எங்கள் நூலுக்கு ஐம்பது ராத்தல் என்பது சரியான கணக்கு. நூல் நூற்கும் ரிங் பிரேம் ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு நான்கு பாபின் வாரம்தோறும் எடுத்து, நான்கு லீ சுற்றி, சராசரி போட்டு ஒரு சீட்டில் எழுதி, கடைசிக் கட்டத்தில் குறிப்பும் எழுதி, கையெழுத்துப் போட்டு ஸ்பின்னிங் மாஸ்டரிடம் கொடுக்க வேண்டும். அவர்தான் நூற்பு இலாகாவுக்குப் பெரியவர். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர்.

அந்தக் குறிப்புக் கட்டத்தை நிரப்புவதில் எனக்கு ஓர் அலாதி ஆனந்தம் இருந்தது. நாற்பத்தேழுக்குக் கீழே வந்தால் 'வீக்' என்று ஆங்கிலத்தில் வளைத்து வளைத்து எழுதுவேன். இருபத்திரண்டு வயது. நான் எழுதுவதைப் பெரியவர்கள் படிக்கிறார்கள் என்பதே தலைக்கு ஏறியிருந்தது.

பாபின் எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை காலையில் ஒரு மரத்தட்டோடு போவேன். ரிங் பிரேம்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் சந்துக்குள் பஞ்சு பறந்து பனி மாதிரி இறங்கிக்கொண்டிருக்கும். உள்ளே போனால் சட்டை போச்சு. அதனால் சந்தின் முனையிலேயே நின்றுகொள்வேன். பிரேம் ஓட்டுகிறவர்கள் பார்த்துவிட்டு, நான்கு பாபின்களைக் கழற்றிக்கொண்டு வந்து தட்டில் வைப்பார்கள். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தாராம். ஆபீஸ் ஆள் ஓடுகிற மெஷினில் கை வைக்கக்கூடாது, தொழிலாளிதான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே ஒரு மரியாதை.

மூன்றாம் நம்பர் பிரேமில் ஒரு பக்கத்தைச் சில வாரங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் வயதுக்காரர். வேடசந்தூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருவார். வீட்டில் மானாவாரியாகச் சோளமும் கடலையும் போட்டிருந்தார்கள். மூன்று வருஷமாகப் பதிலி. நிரந்தர ஆள் வராத நாளில் வேலை, மற்ற நாளில் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். அந்த மாதம் பதிலிகளில் சிலரை நிரந்தரமாக்கப் பட்டியல் போட்டிருந்தார்கள். அவர் பெயரும் அதில் இருந்தது. பட்டியலில் விட்டுப்போனால் அதோடு சரி. அடுத்த பட்டியல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. விட்டுப்போனவர்களைப் பிறகு கேட்டில் கூப்பிடுவதும் குறைந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். முன்னால் பட்டியல் விரித்திருந்தது.

"மூணாம் நம்பர் பதிலி பேரு இதுல இருக்குதப்பா. போன வாரச் சீட்டுல வீக்னு போட்டிருக்கறயே. ரோலர்ல பஞ்சைச் சேரவிட்டு, அறுந்த இழையைக் கன்னாபின்னான்னு ஒட்டினாத்தான் இப்படி வரும். பேரை அடிச்சுப்புடலாமா?"

அந்தச் சீட்டுக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. மெஷினைச் சரிபார்க்க எழுதுகிறோம் என்று ஒரு நினைப்பு. ஒருவரின் சோறு அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது என்றால் அவ்வளவு அழகாக வளைத்து எழுதியிருக்க மாட்டேன். "ஒரு நாள் டயம் குடுங்க சார், பார்த்துட்டுச் சொல்றேன்" என்று உளறிவிட்டு வந்தேன்.

வீட்டுக்குப் போய்ப் பெட்டிக்குள் கிடந்த கல்லூரிப் புத்தகத்தை எடுத்தேன். அந்த நான்கு லீயும் நாற்பது, நாற்பத்து நான்கு, நாற்பத்தாறு, ஐம்பது ராத்தலில் அறுந்திருந்தன. சராசரி நாற்பத்தைந்து. நான் பார்த்தது அந்தச் சராசரியை மட்டும்தான். நான்கும் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்று பார்க்கவில்லை. நான்கே நான்கை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தில் ஓடுகிற அத்தனை நூலின் உண்மைச் சராசரி எவ்வளவு என்று கேட்டால், ஓர் எண்ணைச் சொல்லக்கூடாது. இதிலிருந்து இதற்குள் இருக்கலாம் என்று ஒரு எல்லையைத்தான் சொல்ல வேண்டும். இப்போது பாடப்புத்தகத்தில் நம்பிக்கை இடைவெளி என்று போடுகிறார்கள். நாங்கள் அதை ஆங்கிலத்தில் உருப்போட்டுப் பரீட்சையில் கக்கிவிட்டு வந்தவர்கள்.

லாகரிதம் புத்தகத்தை வைத்துக்கொண்டு வர்க்கமூலம் பார்த்து, பின்பக்கத்து அட்டவணையில் விரலை ஓட்டிக் கணக்குப் போட்டேன். முப்பத்தெட்டு சொச்சத்திலிருந்து ஐம்பத்தொன்று சொச்சம் வரை வந்தது. ஐம்பது அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தது! என்னுடைய 'வீக்' என்ற தீர்ப்புக்கு என் கையிலிருந்த நான்கு லீயும் சாட்சி சொல்லவே இல்லை. எனக்கு அவமானமாகவும் இருந்தது, அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் மாஸ்டரிடம் சொன்னேன்.

"நாலு லீயை வச்சு வீக்னு சொல்ல முடியாது சார்."

"போன வாரம் சொன்னயே?"

"சொன்னேன் சார். சொல்லியிருக்கக்கூடாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பின்ன எத்தனை லீ வேணும் உனக்கு?"

"பதினாறாவது வேணும் சார்."

"என்னமோ பண்ணு. சனிக்கிழமை பட்டியல் மேனேஜர்கிட்டப் போகுது. அதுக்குள்ள முடிவாச் சொல்லு."

அன்றே தட்டை எடுத்துக்கொண்டு போய் மூன்றாம் நம்பர் சந்து முனையில் நின்றேன். "பதினாறா சார்?" என்று ஆச்சரியப்பட்டார் அவர். "செத்த நேரம் இருங்க, பாத்து எடுத்துட்டு வாரேன்." வெகுநேரம் கழித்துத் தட்டை நிரப்பிக்கொண்டு வந்தார். நானும் அவரைக் காப்பாற்றப் போகிறவன் என்ற பெருமிதத்தில் நடந்து வந்தேன்.

புதன்கிழமை பதினாறு லீயையும் அறுத்துக் கணக்குப் போட்டேன். சராசரி நாற்பத்தைந்தரை. பதினாறு இருந்ததால் எல்லையும் நன்றாகச் சுருங்கிவிட்டது. நாற்பத்து மூன்றரையிலிருந்து நாற்பத்தேழரை. ஐம்பது வெளியே போய்விட்டது. நான்கு லீ இருந்தபோது சந்தேகத்தின் பலன் அவருக்கு இருந்தது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று போய் அந்தச் சந்தேகத்தையும் நான் தின்றுவிட்டேன். அவர் நூலுக்கும் மற்றவர்கள் நூலுக்கும் வித்தியாசமே இல்லை என்று முதலில் வைத்துக்கொள், அப்படியிருந்தும் இந்த மாதிரி எண்கள் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று பார், நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்றால் வித்தியாசம் உண்டு என்று முடிவு செய். புத்தகம் சொல்கிற சோதனை இதுதான். அதையும் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு ஒன்றுகூட வரவில்லை. கணக்கில் ஒரு பிசகும் இல்லை என்பதுதான் கொடுமை.

அன்றைக்கு மாஸ்டர் அறைப் பக்கமே போகவில்லை. அத்தா "என்னப்பா, மூஞ்சி இம்புட்டு நீளத்துக்கு இருக்கு?" என்று கேட்டதற்கும் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் வியாழன். வழக்கம்போல எல்லாப் பிரேமுக்கும் தட்டோடு போக வேண்டிய நாள். மூன்றாம் நம்பர் சந்து முனைக்கு வந்ததும் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். அவர் கைக்கெட்டும் பாபினை எடுக்கவில்லை. பிரேம் நெடுக நடந்துபோய் ஓரிடத்தில் நின்றார். கொழுகொழுவென்று இருந்ததை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். திரும்பவும் பத்தடி நடந்து, குனிந்து எதையோ பார்த்து, இன்னொன்றை எடுத்தார். நான்கு பாபினுக்கு, பாபின் செருகிச் சுழலும் இருநூறு கதிரையும் சுற்றி வந்தார்.

சட்டையை மறந்து முதல்முறையாகச் சந்துக்குள் போனேன். மெஷின் இரைச்சலில் காதருகே கத்தித்தான் பேச வேண்டும்.

"எதைப் பார்த்து எடுக்குறீங்க?"

"கோளாறானதப் பாத்துத்தான் சார்" என்றார் அவர், ஏதோ நான் ஒன்றும் தெரியாமல் கேட்டுவிட்ட மாதிரி. "இந்தா, இந்தக் கதிர ஓட்டுற நாடா தொங்கிப்போச்சு. சுத்துறது பத்தல. முறுக்கு ஏறாம நூலு பொதபொதன்னு வருது. அந்தா அதுவும் அப்படித்தான். பிட்டர்கிட்டச் சொல்லிச் சொல்லி வாயி வலிக்குது. நீங்க டெஸ்டுப் பண்ணுறவுக. டாக்டர்கிட்டப் போனா நோவுற எடத்தத்தான சார் காட்டுவோம்? நல்லா இருக்குற எடத்தக் காட்டி என்ன பிரயோசனம்?"

"எப்பவுமே இப்படித்தான் எடுத்துக் கொடுத்தீங்களா?"

"ஆமா சார். அன்னைக்குப் பதினாறு கேட்டீகள்ல, அதுக்குத்தான் ரொம்பத் தேட வேண்டியதாப்போச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தோல் மண்டியில் பிறந்து வளர்ந்தவன் நான். தோல் வாங்க வருகிற எவரும் கட்டின் மேலே இருப்பதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். நடுவில் கையை விட்டு ஒன்றை உருவுவார்கள். அதைத் தினமும் பார்த்து வளர்ந்துவிட்டு, பட்டம் வேறு வாங்கிவிட்டு, தட்டில் வைத்ததை வாங்கிக்கொண்டு வந்து கணக்குப் போட்டிருக்கிறேன். தப்பான இடத்திலிருந்து வந்த நூலை நூறு லீ அறுத்தாலும் எல்லை சுருங்குமே தவிர உண்மைப் பக்கம் நகராது. புத்தகத்தில் முதல் வரியிலேயே அது இருக்கிறது, குலுக்கல் முறையில் எடுத்தால்தான் இந்தக் கணக்குச் செல்லும் என்று. பரீட்சையில் அதற்கு ஒரு மார்க்கு. அதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் இருநூறு துண்டுச் சீட்டில் ஒன்று முதல் இருநூறு வரை எழுதி, காலி பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கிக்கொண்டு உள்ளே போனேன். வந்த எண்ணுக்கு எந்தக் கதிரோ அதிலிருந்து என் கையாலேயே பாபினைக் கழற்றினேன். "என்ன சார், ஏலச்சீட்டா புடிக்கிறீக?" என்று ஒருவர் கத்தினார். சிரித்தார்கள். தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நம்பரில் பதிலியின் பக்கம் பதினாறு, அதே பிரேமில் மறுபக்கம் பதினாறு.

மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிரந்தரத் தொழிலாளி. நல்ல நூல் என்று என் சீட்டில் எப்போதும் பெயர் வாங்குகிறவர். நான் சீட்டை எடுத்து எண் பார்த்துக் கழற்றுவதைக் கண்டு அவருக்கு மனத்தாங்கல்.

"எங்கிட்டச் சொன்னா நல்லதாப் பாத்து எடுத்துத் தருவேன்ல சார்? அதத்தான எப்பவும் குடுப்பேன்? ஆபீசுக்குப் போறத மட்டமாவா குடுப்பாக?"

அவரும் தப்பாக நினைத்துச் செய்யவில்லை. வீட்டுக்கு வந்தவருக்கு இலையில் நல்ல வெஞ்சனத்தை வைப்பதுபோல எனக்கு நல்ல பாபினை வைத்திருக்கிறார். அவர் மட்டுமல்ல, கேட்டுப் பார்த்தபோது எல்லோரும் அதைத்தான் செய்திருந்தார்கள். எங்கள் ஐம்பது ராத்தலே அந்த விருந்துச் சாப்பாட்டில் வந்த ஐம்பதுதான். மில்லில் ஒரே ஒருவர் மட்டும் என்னை விருந்தாளியாக நினைக்காமல் வைத்தியனாக நினைத்திருக்கிறார்.

முப்பத்திரண்டு லீயையும் சனிக்கிழமை காலைக்குள் அறுத்து முடித்தேன். மறுபக்கம் சராசரி நாற்பத்தெட்டே கால். பதிலியினுடையது நாற்பத்தேழே கால். ஒரு ராத்தல் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்கு எல்லை போட்டால் அவர் நூல் கிட்டத்தட்ட நாலு ராத்தல் குறைவாகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட இரண்டு ராத்தல் கூடுதலாகவும் இருக்கலாம். வித்தியாசமே இல்லை என்கிற பூஜ்யமும் அந்த எல்லைக்குள்ளேயே இருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனேன். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சந்து முனையில் நின்றதையும், சட்டைக்குப் பயந்ததையும் சேர்த்தே சொன்னேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இத்தனை நாளா அம்பது அம்பதுன்னு மேனேஜர்கிட்டக் காட்டிட்டிருந்தது?"

"பார்த்து எடுத்துக் கொடுத்த அம்பது சார்."

அவர் முகம் சிவந்துவிட்டது. அந்தக் கணக்கு வெளியே போனால் தலைகுனிவு எனக்கு மட்டுமில்லை, அவருக்கும்தான். தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டு என்னையும் வெளியே போகச் சொல்லியிருக்கலாம். பலர் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"சரி, இவன் நல்ல வேலைக்காரன்னு எழுதிக் குடுக்கறயா?"

எழுதிக் கொடுக்க எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் அந்த ஒரு வாரம் பட்டது போதும் என்றிருந்தது. "முடியாது சார். அவர் வேலை மட்டம்னு சொல்ல ஆதாரம் இல்லைன்னு மட்டும்தான் எழுத முடியும். நல்லதுன்னு நிரூபிக்கறதுக்கும் இதுல ஒண்ணும் இல்லை."

"சம்பளம் வாங்கிட்டுத் தெரியலைங்கறயே" என்றார். ஆனால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பதிலியின் பெயரை அடிக்காமலேயே பட்டியலை மடித்து உறையில் போட்டார். அதோடு நிற்கவில்லை. தொங்கிப்போன நாடாக்களையெல்லாம் மாற்றச் சொல்லிப் பிட்டரை அனுப்பினார். இனிமேல் குலுக்கிப் பார்த்துத்தான் பாபின் எடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லி, எனக்கு ஒரு காக்கிக் கோட்டும் தைக்கச் சொன்னார். மேனேஜரிடம் போய் அந்த நாற்பத்தெட்டை அவரே சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் கை தானாகக் கும்பிடுகிறது.

இரண்டு வாரம் கழித்து நிரந்தர உத்தரவு வந்தது. அன்று சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் சைக்கிள் ஸ்டாண்டில் அவர் எனக்காக நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பை நிறையப் பச்சைக் கடலை.

"ஒங்களாலதான் சார். மாஸ்டர் சொன்னாரு, நீங்கதான் பேசுனீகன்னு."

அந்தப் பையை என்னால் வாங்க முடியவில்லை. என்னால்தான் வேலை கிடைத்தது என்று நினைக்கிறவரிடம், என்னால்தான் போக இருந்தது என்பதையும் சொல்லாமல் அதை எப்படி வாங்குவது? எப்படியோ சொல்லிவிட்டேன்.

"அந்தச் சீட்டுல வீக்னு எழுதினதே நான்தாங்க. அதை வச்சுத்தான் உங்க பேரை அடிக்கப் பார்த்தாங்க."

"தெரியும் சார்" என்றார் அவர் சாதாரணமாக. "மாஸ்டர் மேசையில பட்டியலுக்குப் பக்கத்துல அந்தச் சீட்டப் பாத்தேன். ஒங்க கையெழுத்து இருந்துச்சு. அதுக்குப் பொறகுதான நீங்க வந்து பதினாறு கேட்டீக? அதான் இருக்குறதுலயே மோசமானதாத் தேடித் தேடி எடுத்துக் குடுத்தேன். நாலுல தெரியலைன்னாலும் பதினாறப் பாத்தாக் கோளாறு எங்கயின்னு கண்டுபிடிச்சிருவீகன்னு நெனச்சேன்."

என் கணக்கு அவரைக் குற்றவாளி என்று சொன்ன அந்தப் பதினாறு பாபின்களையும், தன் பெயர் அடிபடப் போகிறது என்று தெரிந்த பிறகும், என்னை நம்பி அவர் தட்டில் வைத்திருக்கிறார். கடலைப் பையை வாங்கிக்கொண்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட் வரைக்கும் அவரோடு நடந்தேன். அதற்கு மேல் அன்றைக்கு எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.